லேப்டாப்புக்குத் திருஷ்டி சுற்றிய வாரம்

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. டிவி ஓடவில்லையா, தலையில் ஒரு தட்டு. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா, ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகு. இப்படித்தான் நான் வளர்ந்தேன், இப்படித்தான் கிழவியாகவும் ஆகிக்கொண்டிருக்கிறேன். என் தம்பி மனைவி இதற்கு நேர்மாறு. ஒரு சாமான் மக்கர் பண்ணினால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் அப்படி நிற்பதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போதெல்லாம் வருவதில்லை.

ஜோகூர் மாநிலத்தில் தெப்ரா என்கிற ஊரில், ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், மாடி வைத்த தொடர் வீட்டில் நாங்கள் மூன்று பேர். தம்பி, அவன் மனைவி, நான். என் வீட்டுக்காரர் போன பிறகு தனியாக இருக்கக்கூடாது என்று தம்பி என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் ஒரு கிளினிக்கில் பெயர் பதிகிற இடத்தில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். வருகிறவர்களை அதட்டியே பழகிய வாய்.

தம்பிக்குச் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ராத்திரி வேலை. சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போகிற கடல்பாலத்தைத் தாண்டுவான். மறுநாள் காலையில் வந்து, சாப்பிட்டு, மாடியில் போய் விழுவான். போன மழைக்காலத்தில் பாலத்தின் மேல் வண்டி சறுக்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். ஊன்றுகோலை வைத்த கையோடு மறுபடியும் ஹெல்மெட்டை எடுத்தான். நான் கத்திப் பார்த்தேன். சிங்கப்பூர் சம்பளத்தை இங்கே யார் தருவார்கள் என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து அவளுக்கும் வேலை போனது. தெப்ராவிலேயே ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதில் கியூசி, அதாவது லைனில் வருகிற போர்டுகளைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. கம்பெனி அந்த லைனை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. கடைசி நாள் ஒரு கேக்கும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கடிகாரத்தை நான் மாட்டவிடவில்லை.

ஆனால் அவள் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் தாமான் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேள்விப்பட்டு, சிங்கப்பூரில் டியூஷன் சென்டர் நடத்துகிற ஒரு அம்மாள் கூப்பிட்டார். பிள்ளைகள் அங்கே அவரவர் வீட்டில், ஆசிரியர் இங்கே தன் வீட்டில், நடுவில் இணையம். ஒரு சனிக்கிழமை முற்பகலில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், பிடித்துப்போனால் வேலை.

இதை அவள் சோற்றுத்தட்டின் முன்னால் வைத்துச் சொன்னாள். இந்த வேலை கிடைத்துவிட்டால் தம்பி தெப்ராவிலேயே ஒரு கிடங்கில் குறைந்த சம்பளத்துக்குப் போகலாம், இரண்டையும் சேர்த்தால் குடும்பம் ஓடும், பாலம் ஏற வேண்டாம் என்றாள். தம்பி சிரித்துக்கொண்டே, முதலில் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றான். அவன் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தமில்லை. அவன் நம்பவில்லை, அவ்வளவுதான். ஆக, அந்தச் சனிக்கிழமை நன்றாக நடந்தால் என் தம்பி பைக்கை விட்டு இறங்குவான், நடக்காவிட்டால் இறங்க மாட்டான். எனக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

அதற்காகத்தான் புது லேப்டாப் வாங்கினோம். சாயங்காலம் தம்பியை வழியனுப்பிவிட்டு நானும் அவளும் போய் வாங்கிக்கொண்டு வந்தோம். சாமி முன்னால் வைத்து, மூடியின் ஓரத்தில் சந்தனம் குங்குமம் வைத்தேன். அவள் மாடியில் முன்பக்கத்துச் சின்ன அறையில் மேசை போட்டு அதை வைத்தாள். அந்த அறைக்கும் அவர்கள் படுக்கிற அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். மோடம் கீழே டிவி பக்கத்தில். அன்றைக்கு லேப்டாப் பறந்தது. தொட்டதும் படம், அழுத்தியதும் பாட்டு. நான் பெருமைப்பட்டுப் பொந்தியானில் இருக்கிற என் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

மறுநாள் காலையில் ஒத்திகை. அவள் மாடியில் ஆசிரியை. நான் கீழே டிவி பக்கத்தில் கைப்பேசியோடு மாணவி. அவள் உயிரெழுத்தைத் தொடங்கினாள். ‘அ’ சொன்னாள், ‘ஆ’ சொன்னாள், அப்புறம் என் கைப்பேசியில் வாயைத் திறந்தபடியே நின்றுபோனாள். பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி அப்படியே நிற்கிறாள். மாடியில் அவள் குரல் மட்டும் நிஜமாகவே ‘ஔ’ வரைக்கும் போய்விட்டது. சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது. இப்படி அந்தச் சிங்கப்பூர் அம்மாள் முன்னால் நின்றால் என்னாகும்?

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் படுத்துவிடும். நான் வேலையைத் தொடங்கினேன். மோடத்தைப் பிடுங்கிச் சொருகினேன். அதைத் தூக்கி ஜன்னல் ஓரம் வைத்தேன். அதே கையோடு லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், என் கைப்பேசியில் எதையோ தட்டினேன், மைக்ரோவேவ் ஒயரையும் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் நன்றாக ஓடியது. எதனால் ஓடியது என்று அவள் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? ஓடுகிறதல்லவா, வாயை மூடிக்கொண்டு பாடத்தை எடு என்றேன். மறுநாள் படுத்துக்கொண்டது.

அவள் அப்போது சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“அக்கா, ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். அஞ்ச ஒண்ணா மாத்துனா, சரியானாலும் நமக்கு ஒண்ணும் தெரியாது.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சனிக்கிழமை நெருங்குகிறது, இவள் என்னவோ லேபாரட்டரியில் நிற்கிற மாதிரி நிற்கிறாளே என்று. இணையக் கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு பிடி பிடித்தேன். கிளினிக்கில் இருந்தபோது கற்ற அதட்டலையெல்லாம் இறக்கினேன். பாவம், மறுநாளே ஒரு மலாய்க்காரத் தம்பி பெட்டியோடு வந்து நின்றார். அன்றைக்கு என் தம்பி காலுக்குப் பயிற்சி எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். வந்தவர் மாடியேறி, எதையோ மாட்டி அளந்தார். வேகம் அருமையாக இருக்கிறது என்று திரையைக் காட்டினார். ஓகே லா, காக்காக், ஒரு குறையும் இல்லை அக்கா என்று மலாயில் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் இருக்கிற வரை லேப்டாப் சமர்த்தாக ஓடி என் மானத்தை வாங்கியது. டாக்டர் வீட்டு வாசலில் காய்ச்சல் இறங்குகிற பிள்ளை மாதிரி.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரம்மா அந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். புது சாமான், ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லியிருக்கிறீர்கள், யார் கண்ணோ பட்டிருக்கிறது என்றார். என்னை எனக்கே தெரியும். நான் உடனே நம்பிவிட்டேன். கல் உப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் கடுகு எல்லாவற்றையும் கையில் எடுத்தேன். தம்பி வேலைக்குப் பைக்கை எடுத்துக்கொண்டு போனதும் மாடியேறி, லேப்டாப்பைத் திறந்து வைத்து, வலமும் இடமும் சுற்றினேன். பக்கத்தில் அவள் மேசைத்துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், மிளகாய் விசைப்பலகையில் விழுந்துவிடக்கூடாது என்று. சிரிக்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

கீழே வந்து அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது உண்மை என்றுதானே சொல்வார்கள்? மாடிக்கு ஓடினேன். லேப்டாப் குதிரை மாதிரி ஓடுகிறது! ஒரு பாடம் முழுக்க நடத்தினோம், ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. நான் ஆடாத ஆட்டம் இல்லை. உன் கியூசியை விட என் உப்பு பெரிது என்று அவளிடம் சொல்லிக்கொண்டே திரிந்தேன். காலையில் தம்பி வந்து சாப்பிட்டுப் படுத்தான். ஒத்திகைக்கு உட்கார்ந்தோம். ‘அ’, ‘ஆ’, அதோடு சரி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். சுற்றியதில் பலன் இருந்ததா இல்லையா என்று இன்னும் தெரியாது, அதையும் ஒரு டெஸ்ட்டாக வைத்துப் பார்த்துவிடலாம் என்றாள். நாளைக்குக் காலையில் சுற்றுங்கள், சாயங்காலம் சுற்றாமல் விடுங்கள். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. ஃபேக்டரியில் போர்டைப் பார்ப்பது போலவே என் உப்பையும் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் என் நம்பிக்கை ஒன்றை யாராவது மதித்துச் சோதித்தது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் ஒன்று தலையாட்டுவார்கள், இல்லையென்றால் சிரிப்பார்கள்.

சொன்னபடியே செய்தோம். காலையில் சுற்றினேன், படம் நடுங்கி நடுங்கி நின்றது. சாயங்காலம் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஒன்றும் சுற்றாமலேயே பறந்தது. எனக்கு உப்பின் மேலேயே கோபம். அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. உப்பில்லை, நேரம்தான் விஷயம் என்றாள். காலையில் எல்லாரும் இணையத்தைப் பிடித்து இழுக்கிறார்களோ என்று நான் கேட்டேன். காலையில் தாமானில் யார் இருக்கிறார்கள், எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறார்களே, சாயங்காலம்தானே கூட்டம் என்றாள். அதுவும் சரிதான். காலையில் நம் வீட்டில் என்ன இருக்கிறது, சாயங்காலம் என்ன இல்லை என்று யோசிக்கச் சொன்னாள். நான் யோசித்தேன். காலையில் இட்லி இருக்கிறது என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்.

“அவரு வீட்டுல இருந்தாத்தான் அக்கா லைன் படுக்குது.”

அவ்வளவுதான், எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. ராத்திரியெல்லாம் உழைத்துவிட்டு வந்து படுத்திருக்கிறவனைப் போய் ராசி இல்லாதவன் என்கிறாயா என்று பிடித்துக்கொண்டேன். ஒடிந்த காலோடு யாருக்காகப் போய் வருகிறான் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதத் தகுந்தது இல்லை. அவள் எழுந்து போய் எனக்குத் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டு வந்து வைத்தாள். நான் குடிக்கவில்லை. கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுப் பிறகு குடித்தேன்.

குடித்து முடிக்கிற வரை காத்திருந்துவிட்டு, அவள் ஃபேக்டரியில் நடந்த ஒன்றைச் சொன்னாள். ஒரு ஷிஃப்டில் மட்டும் போர்டுகள் கறை பிடித்து வந்துகொண்டிருந்தனவாம். அந்த ஷிஃப்டில் ஒரே ஒரு பெண்ணின் மேசையில் இருந்துதான். மேனேஜர் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பச் சொன்னாராம். இவள் இரண்டு நாள் தவணை கேட்டு, அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே நின்று பார்த்தாளாம். அந்தப் பெண்ணுக்குக் கை வெடிப்பு. வீட்டிலிருந்து வரும்போதே களிம்பு தடவிக்கொண்டு வருவாள். அந்தக் களிம்புதான் போர்டில் பட்டிருக்கிறது. வேறு கையுறை கொடுத்ததும் கறை நின்றுபோனது, அந்தப் பெண்ணின் வேலையும் தப்பியது.

“ஒரு ஆளு வந்தாத்தான் தப்பு வருதுன்னா, அந்த ஆளு தப்புன்னு அர்த்தம் இல்ல அக்கா. அவங்க கூட என்ன உள்ள வருதுன்னு பாக்கணும்.”

இந்தப் பெண்ணோடு இத்தனை வருஷம் ஒரே சமையற்கட்டில் புழங்கியிருக்கிறேன். மீனுக்குப் புளி கூடிவிட்டது, துணி காயவில்லை என்று ஆயிரம் பேசியிருக்கிறேன். ஃபேக்டரியில் அவள் என்ன செய்தாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. போர்டைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். அவள் அங்கே ஒருத்தியின் சோற்றைக் காப்பாற்றியிருக்கிறாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்தால் மாதிரி வகுப்பு. தம்பி காலையில் வந்து படுத்தான். அவனோடு என்னவெல்லாம் வீட்டுக்குள் வந்தது என்று இருவரும் எண்ணினோம். ஹெல்மெட், மழைச்சட்டை, பை, சாப்பாட்டு அடுக்கு, கைப்பேசி. நான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் வெளியே போடலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நானே வாயை மூடிக்கொண்டேன். முதலில் பையை மட்டும் கீழே இறக்கினாள். மேலே போய்ப் பார்த்தாள், ஒரு மாற்றமும் இல்லை. பையை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, அடுத்தது மழைச்சட்டை. ஹெல்மெட்டைக்கூடத் தனியாகக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஹெல்மெட்டுக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம்? தெரியாது, அதனால்தான் பார்க்கிறேன் என்றாள்.

கடைசியில் கைப்பேசி. தம்பி தலைமாட்டில், பலகைத் தடுப்பை ஒட்டினாற்போல் சார்ஜில் கிடந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் அவளுடைய மேசை. அவன் தூக்கம் கலையாமல் எடுத்து வந்து என் கையில் கொடுத்து, தெருமுனைக் கடை வரைக்கும் போய் நிற்கச் சொன்னாள். நான் வெயிலில் நடந்தேன். கடைக்காரச் சீனர் என்ன வேண்டும் என்றார். ஒன்றும் வேண்டாம், சும்மா நிற்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குள் என் கைப்பேசி அடித்தது. அவள்தான், குரலே மாறியிருந்தது. பறக்கிறது அக்கா, இப்போது மெதுவாக வீட்டுக்கு வாருங்கள் என்றாள். வந்தேன். தம்பியின் கைப்பேசியை அவன் தலைமாட்டில் அவள் வைத்துவிட்டு லேப்டாப்பை மறுபடி இணைத்தபோது படுத்துக்கொண்டது. மறுபடியும் என்னைக் கடைக்கு அனுப்பினாள். ஒரு தடவை நடந்ததை நம்பக்கூடாதாம். இந்த முறை வெட்கப்பட்டு ஒரு ரொட்டி வாங்கினேன்.

காரணம் அந்தக் கைப்பேசியில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நானாக இருந்தால் தம்பியை உலுக்கி எழுப்பியிருப்பேன். அவள் எழுப்பவிடவில்லை. ராத்திரி வண்டி ஓட்டுகிறவர், தூக்கம் கெட்டால் பாலத்தில் கண் சொக்கும் என்றாள். விடிந்தால் அவளுக்கு வகுப்பு. ஒத்திகை பார்க்கக் கிடைத்த கடைசிப் பகல் அது. அந்தப் பகலை அவன் தூக்கத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கீழே வந்து கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தாள். அவள் விரல்கள் மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் பயம் இருக்கிறது என்று.

தம்பி எழுந்து வந்து சோறு சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டாள். அவன் கைப்பேசியைத் திறந்து பார்த்தான். அதில் ஹாட்ஸ்பாட் எந்நேரமும் திறந்தே கிடந்தது. அதாவது, அந்தக் கைப்பேசியே ஒரு குட்டி வைஃபையாக வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கு அவன் வைத்திருந்த பெயரும் கடவுச்சொல்லும் எங்கள் வீட்டு வைஃபையின் அதே பெயர், அதே கடவுச்சொல். லேப்டாப்புக்கு இரண்டும் ஒன்றுதான். எது பக்கத்தில் பலமாகத் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். தடுப்புக்குப் பின்னால் இருந்த கைப்பேசியைப் பிடித்திருக்கிறது. அதுவோ சிங்கப்பூர் லைன், பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் ரோமிங்கில் நொண்டும். அவன் வீட்டில் இருந்தால் லேப்டாப்பும் நொண்டும், அவன் கிளம்பினால் வீட்டு மோடத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

எதற்காக அப்படி ஒரே பெயர் வைத்தாய் என்று நான்தான் கேட்டேன். தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

“நீங்க கண்ணு ஆப்பரேஷன் பண்ணி ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப வச்சதுக்கா. கட்டுப் போட்டுக்கிட்டு நம்பர் தட்ட முடியாதுல்ல. உங்க போன் தானா சேரட்டும்னு வச்சேன்.”

எனக்கு ஞாபகம் வந்தது. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு முருகன் பாட்டு கேட்டுக்கொண்டே கிடந்தேன். அது எங்கிருந்து வந்தது என்று யோசித்ததே இல்லை. அங்கே அவன் நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டு இருந்ததும் அதற்குத்தான் போலிருக்கிறது. நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். பின்னால் அவன் அலமாக் என்று தலையில் தட்டிக்கொள்வதும், அதனால்தான் மாசாமாசம் டேட்டா சீக்கிரம் தீர்ந்துபோனதா என்று புலம்புவதும் காதில் விழுந்தது. அவள் அவனை ஒரு வார்த்தை கடியவில்லை. அந்தப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, இனி அக்காவுக்கு வேண்டுமென்றால் நானே தட்டிக் கொடுக்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை முற்பகல் தம்பி வழக்கம் போல மேலே தூங்கினான். அவள் புடவை கட்டி, மேசை முன்னால் உட்கார்ந்தாள். நான் கதவுக்கு வெளியே மாடிப்படியில். திரையில் மூன்று பிள்ளைகள், ஓரத்தில் அந்தச் சென்டர் அம்மாள். படம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. ஆனால் ஒரு பையன் வாயையே திறக்கவில்லை. என்ன கேட்டாலும் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் படியில் உட்கார முடியவில்லை. இத்தனை பாடுபட்டு லைனைச் சரிசெய்தால் பிள்ளை ஊமைச்சாமியாக உட்கார்ந்திருக்கிறானே என்று.

அவள் குரலை உயர்த்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. கொஞ்சம் நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள் போலிருக்கிறது. உன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அம்மா என்றான் பையன், அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை. அம்மாவிடம் ஒரு நிமிஷம் பேசலாமா என்று கேட்டு, அவரிடம் அன்பாக, நீங்கள் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள், நாங்கள் உங்களுக்காக ஒரு கதை தயார் செய்து வைக்கிறோம் என்றாள். அந்த அம்மா போனார். பிறகு பையன் பேசினான் பாருங்கள், நிறுத்த முடியவில்லை. தப்பும் தவறுமாக, ஒரு பூனை பஸ்ஸில் ஏறின கதை. சென்டர் அம்மாள் சிரிக்கிற சத்தம் எனக்குப் படிவரைக்கும் கேட்டது. மறுவாரமே வகுப்புகள் கொடுத்துவிட்டார். சாயங்கால வகுப்புகள்.

ஆனால் தம்பி பைக்கை விட்டு இறங்கவில்லை. தெப்ராவில் ஒரு கிடங்கில் வேலையும் கேட்டு வைத்தாயிற்று, அவர்களும் வரச் சொல்லிவிட்டார்கள். இவன் இழுத்தடித்தான். இரண்டும் ஒரு வருஷம் ஓடட்டும், கையில் கொஞ்சம் சேரட்டும் என்றான். நான் கத்தினேன், பலன் இல்லை. என் கத்தல் அவனுக்குப் பழகிப்போனது. அவள் பல நாள் வகுப்பு எடுத்தாள், சமைத்தாள், சாயங்காலம் அவன் கிளம்பும்போது வாசலில் நின்றாள். ஒரு மழை நாளுக்கு மறுநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“மழ பேஞ்சா எனக்குப் பாடம் நடத்த வாய் வர மாட்டேங்குதுங்க. பாதில நின்னுர்றேன். பிள்ளைங்க லைன் போச்சான்னு கேக்குறாங்க. இத எதப் பிடுங்கி நான் சரி பண்ணுறது?”

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வெகுநேரம் பிசைந்தான். அந்த வாரமே சிங்கப்பூரில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

இங்கே பகல் வேலைக்குச் சேர்ந்து சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஜோகூர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கூரையே இறங்கிவிடும் போல் கொட்டியது. நான் சமையற்கட்டில் இருந்தேன். கை தானாகக் கைப்பேசியைத் தேடியது. பாலத்தைத் தாண்டியதும் அவன் அனுப்புகிற ‘சேந்துட்டேன்’ வருகிற வரை அதை மடியில் வைத்துக்கொண்டு முருகா முருகா என்று உட்கார்ந்திருப்பேன், எத்தனையோ வருஷமாக அப்படித்தான். கைப்பேசியைக் காணோம். பதறிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

அங்கே அவன் நாற்காலியில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு மாவில் முக்கியெடுத்த வாழைப்பழப் பொரியல் தின்றுகொண்டிருந்தான். என் கைப்பேசி அவன் பக்கத்தில் கிடந்தது. எனக்கு முட்டிக்கொண்டு அழுகை வந்தது. அழுதால் கேலி செய்வான் என்று, சோபாவில் எண்ணெய்க் கையைத் துடைக்காதே என்று அதட்டினேன். என்னக்கா ஆச்சு என்று கேட்டான். ஒன்றுமில்லை, மழை என்றேன்.

அவன் உஷ் என்று விரலை உதட்டில் வைத்து மாடியைக் காட்டினான். மேலே அவள் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மழை அடித்த அடியில் எங்களுக்குச் சொற்கள் புரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. அது ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டே மிச்சப் பொரியலைத் தின்று தீர்த்தோம்.